நாலு எம்.பி. வண்டித்தடம்

செல்லாத்தாளின் நாணயத்துக்கு ஈஸ்வரமூர்த்தி போட்ட விலை மூவாயிரத்து இருநூறு ரூபாய். அவளுடைய ரெண்டு மாசச் சம்பளம். அதைக் கட்டி, 'நான்தான் அழித்தேன்' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், பீரோவில் பூட்டி வைத்திருக்கும் அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைத் தந்துவிடுவாராம். இல்லாவிட்டால் நாலு மணிக்குப் போலீஸ்.

"ரொக்கமாக் கட்டினா தள்ளுபடி ஏதாச்சும் உண்டுங்களா?" என்று நல்லான் கேட்டான்.

மருதாள் அவனை முறைத்தாள். முறைப்பதால் பயன் இல்லை என்று அவளுக்கும் தெரியும். நல்லான் ஒரு காலத்தில் நூல் மூட்டை ஏற்றும் டெம்போ ஓட்டியவன். இப்போது ஓட்டுவது மருதாளின் மொபெட்டையும் தன் வாயையும். மொபெட்டுக்காவது பிரேக் உண்டு.

மருதாள் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் பதினெட்டு வருஷம் ஓட்டை பார்த்தவள். துணியில் பார்த்து அலுத்துப்போய் மனுஷர்களிடம் பார்க்க ஆரம்பித்தாள். இதில் கூலியும் அதிகம், சரக்குக்கும் பஞ்சமில்லை. கணக்கில் குறைந்த பீஸ், கோடவுனில் குறைந்த நூல், கல்லாவில் குறைந்த நோட்டு என்று எது குறைந்தாலும் திருப்பூர் முதலாளிகள் அவளைக் கூப்பிட்டார்கள். போலீஸ் வந்தால் ரெண்டு தடவை டீ வாங்கித் தரவேண்டும். மருதாளுக்கு ஒரு தடவை போதும்.

1995 மார்கழியில், அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு நல்லூரில், 'பெரியாத்தாள் நிட்ஸ்' கண்ணாடி அறையில், அந்த ஒரு தடவை டீயும் இன்னும் வரவில்லை.

அறையில் ரெண்டு மேஜைகள், ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டியபடி. ஒன்று அண்ணன் ஆத்தப்பனுக்கு, இன்னொன்று தம்பி ஈஸ்வரமூர்த்திக்கு. தை பிறந்தால் தொழில் பிரிகிறது. தையல் மிஷின், வேன், கட்டிங் டேபிள் எல்லாம் பிரித்தாகிவிட்டது. கத்தரிக்கோல்களைக்கூட எண்ணி, மிஞ்சிய ஒன்றை யாருக்கும் இல்லாமல் ஆணியில் தொங்க விட்டிருந்தார்கள். பெற்ற தாயின் பெயர்ப் பலகையை மட்டும் யாரும் கேட்கவில்லை. பழைய பலகை, தேறாது.

"அந்தப் புள்ளை எங்கண்ணன்கிட்டக் காசு வாங்கிட்டு என்ர பாகத்தை அழிச்சுப்போட்டாளுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

மறுபக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆத்தப்பன் திரும்பாமலே, "காசு குடுத்து அழிக்கற அளவுக்கு அவன்ட்ட ஒண்ணும் இல்லீங்க" என்று சுவரிடம் சொன்னார்.

அழிந்தது என்ன என்பதை மருதாள் செல்லாத்தாளிடம்தான் கேட்டாள். அவள் வெளியே, பேக்கிங் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு வயது, கம்ப்யூட்டர் டிப்ளமோ. மடியில் திறக்காத டிபன் பாக்ஸ், அதன் மேல் ஒரு குயர் நோட்டு.

"சொல்லு அம்மிணி. அந்தப் பொட்டியில என்ன இருந்துச்சு, என்ன போச்சு?"

"பனியன் வாங்க வந்த ஜெர்மனி பையர் ஒருத்தர் அஞ்சு வருசம் முன்னால உட்டுட்டுப் போன லேப்டாப்புங்க்கா. எந்த ஸ்டைலுக்கு என்ன ரேட், எந்த பையர் எவ்வளவுக்கு ஒத்துக்குவார், எல்லாம் அதுலதான். பிரியறப்ப அது யாருக்குன்னு சண்டை."

"புதுசு ஒண்ணு வாங்கறது."

"லட்சத்துக்கு மேல ஆகுமுங்க்கா."

லட்சம் கொடுத்து இன்னொன்று வாங்குவதைவிட, இருப்பதைப் பாதியாய் அறுப்பது மேல் என்று அண்ணனும் தம்பியும் கண்டுபிடித்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். பழைய ஹார்ட் டிஸ்க் அறுபது எம்.பி. அதுவும் வழிந்துகொண்டிருந்தது. ஆகவே பெரிய டிஸ்க் ஒன்றை மாட்டி, அதை ரெண்டு பாகமாகப் பிரித்து, 'சி' ஒருவருக்கு, 'டி' ஒருவருக்கு, பையர்களின் ரேட்டும் ஆளுக்குப் பாதி. வழக்கப்படி மூத்தவர் பாகம் போட, இளையவர் முதலில் எடுப்பது.

"தம்பி மொதலாளி டி-யை எடுத்தாருங்க்கா. பொட்டியை ஓட வெக்கற டாஸ் சி-யில இருக்குதல்லங்க, அது அஞ்சாறு எம்.பி. புடிச்சுக்கும். வாடகை குடுக்காத குடித்தனம் எனக்கு எதுக்குன்னுட்டாரு."

"நெம்ப யோசனைக்காரருங்க" என்றான் நல்லான்.

"புதன்கெழமை நானே கோயமுத்தூர் கடைக்குக் கொண்டுபோய் மாட்டிட்டு வந்தேன். டிஸ்க் டப்பாவுல ஐநூத்தி நாப்பதுன்னு போட்டிருந்துச்சு. இந்தப் பழைய லேப்டாப்புக்கு ஐநூத்தி நாலு வரைக்கும்தான் கண்ணு தெரிஞ்சது. அதுல ஆளுக்கு எரநூத்தம்பது, சுத்தமா. மிச்சம் நாலு."

"அந்த நாலை யாருக்குக் குடுத்தே?"

"யாருக்கும் இல்லீங்க்கா. ரெண்டு பூமிக்கு நடுவுல வண்டித்தடம் உடணும்னு அண்ணன் மொதலாளி சொல்லிட்டாரு. டிஸ்க்குல வண்டித்தடம் வேண்டியதில்லீங்கன்னு சொன்னேன். எங்கப்பன் காலத்துல இருந்து உடறதுன்னாரு. நடுவுல உட வராது, அதனால கடைசியில உட்டுட்டு, நடுவுலதான் உட்டிருக்குன்னு சொல்லிட்டேன்."

நோட்டைத் திறந்து காட்டினாள். முத்து முத்தான எழுத்து. சி 250, டி 250, வண்டித்தடம் 4. கீழே ரெண்டு முதலாளிகளின் கையெழுத்தும் இருந்தது.

"நாலுன்னா எவ்வளவு பெருசு?"

"மூணு ஃப்ளாப்பி அளவுங்க்கா."

வியாழக்கிழமை காலையில் எல்லாம் சரியாக இருந்தது. மத்தியானம் கரண்ட் கட். செல்லாத்தாள் பேங்குக்குப் போயிருந்தாள். அண்ணன் தோட்டத்துக்கு, தம்பி சாயப்பட்டறைக்கு. அப்படித்தான் அவரவர் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலையில் திறந்து பார்த்தால் டி-யில் துடைத்துவைத்த வட்டில்போல ஒன்றுமே இல்லை. அப்போதிலிருந்து ஈஸ்வரமூர்த்தி லேப்டாப்பைத் தொட அவளை விடவில்லை; பேக்கிங் ஆட்கள் முன்னால் 'திருடி' என்றும் சொல்லிவிட்டார்.

"பழைய டிஸ்க்குல இருக்குமே?"

"நானூறு ரூவா கழிச்சுக்கறேன்னு கடைக்காரர் கேட்டாருங்க. ரெண்டு பேரும் போன்லயே குடுத்துரச் சொல்லிட்டாங்க. ஃப்ளாப்பியில ஒரு காப்பி எடுத்து வெக்கலாம்னு அதுக்கு முன்னாலயே கேட்டேன். பத்து ஃப்ளாப்பி டப்பா எரநூத்தம்பது ரூவாயா, பொறவு பாக்கலாம்னாங்க."

"அதுலயும் ஒத்துப்போயிருக்காங்க அக்கா" என்றான் நல்லான். "ஒரே வருசத்துல ரெண்டு தடவை."

மருதாள் கண்ணாடி அறைக்குத் திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"ஆன் பண்ணாதீங்க! ஆதாரம் கலைஞ்சு போகும்" என்று ஈஸ்வரமூர்த்தி எழுந்தார்.

"ஆன் பண்ணத் தெரிஞ்சா நான் ஏனுங்க உங்ககிட்ட வர்றேன்?"

அவள் பார்த்தது திரையை அல்ல, சாவிகளை. செக்கிங் டேபிளில் துணியை விரித்துப் பார்ப்பதுபோல ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நல்லூரில் எந்தப் பொருளை ஒரு மணி நேரம் சும்மா வைத்தாலும் வெள்ளையாய்ப் பஞ்சு படியும். டீ கிளாஸில் படியும், முதலாளிகளின் புருவத்தில் படியும். இந்தச் சாவிகளிலும் படிந்திருந்தது. ஆனால் ஏழெட்டுச் சாவிகளில் மட்டும் பஞ்சு கருத்து ஒட்டிக் கிடந்தது. விரலால் தேய்த்தாள். கறுப்பாய்ப் பிசுபிசுத்தது. முகர்ந்தாள்.

"நல்லா, என்ன வாசம்?"

அவன் முகர்ந்தான். "கலியாண ஊட்டு வாசம் அக்கா."

"புரியற மாதிரிச் சொல்லு."

"புது அண்டா வாசம். பாத்திரம் பாலீஷ் போடற எடத்துல வர்ற பிசுக்கு."

அவள் வெளியே போய்ச் செல்லாத்தாளிடம் விரலைக் காட்டினாள். "அம்மிணி, ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்பறம் டி, ஒய், எண்டர், அந்த மூலைச் சாவி. இதுல மட்டும் அழுக்கு. இதை மட்டும் வெச்சு ஒரு லெட்டர் அடிக்க முடியுமா?"

செல்லாத்தாள் யோசித்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் பயத்துக்குப் பதில் கோபம் வந்தது.

"லெட்டர் அடிக்க முடியாதுங்க்கா. பாகம் பிரிக்க முடியும். அந்த புரோகிராமுல மூணுன்னா அழி. டி-ன்னா எதை அழிக்கறதுன்னு. ஒய்-ன்னா சரி."

"எந்தச் சாவியில அழுக்கு அதிகம் தெரியுமா? ஒய்-யில."

"கேட்டதுக்கெல்லாம் சரின்னு சொல்லியிருக்கான்" என்றான் நல்லான். "புதுசாக் கலியாணம் ஆனவனா இருக்கும்."

மணி ஒன்றே முக்கால். மொபெட் பாத்திரப் பட்டறைகளுக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்துக்குப் பறந்தது. பறந்தது என்பது நல்லானின் வார்த்தை. வழியில் ஒரு மாட்டு வண்டி அவர்களை முந்தியது. பாலத்தைக் கடக்கும்போது நொய்யல் மெரூன் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எவனுக்கோ மெரூன் ஆர்டர் கிடைத்திருக்கிறது.

"அனுப்பர்பாளையத்துல பட்டறை நூறு இருக்குது அக்கா. எதுன்னு தேடறது?"

"பாத்திரம் தேச்ச கையோட கம்ப்யூட்டர் தொடறவன் நூறு பேர் இருக்க மாட்டான்."

இருந்தது ஒருவன்தான். ரெண்டாவது டீக்கடையிலேயே தெரிந்துவிட்டது. மயில்சாமி. கீழே பாலீஷ் பட்டறை, மேலே பில் போட ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் ஆறு மாசக் கோர்ஸ் முடித்த சர்டிபிகேட், கண்ணாடி போட்டு, மாலையும் போட்டு. வாசலில் 'கம்ப்யூட்டர் சம்பந்தமான சகலமும் செய்து தரப்படும்' என்று ஈயம் பூசும் விலைப்பட்டியலுக்குக் கீழே எழுதியிருந்தது.

மயில்சாமி கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். துடைத்த துணி கையைவிடக் கறுப்பு.

மருதாள் குரலைத் தாழ்த்தினாள். "பங்காளிச் சண்டைங்க. டிஸ்க்கைப் பிரிச்சாங்க. நடுவுல நாலு எம்.பி. வண்டித்தடம் உட்டிருக்காங்க. அதைச் சத்தமில்லாம எம்பக்கம் சேர்த்துக்கணும். முடியுமுங்களா?"

மயில்சாமியின் முகம் பாலீஷ் போட்டதுபோல் ஆயிற்று. "அதுக்குத்தானுங்க நான் இருக்கறேன்! நேத்துக்கூட ஒருத்தருக்குப் பண்ணிக் குடுத்தேன். பத்து நிமிசம். இருக்கற பாகத்தை எடுத்துப்போட்டு, தடத்தையும் சேர்த்துப் புதுசா ஒரே பாகமாக் கட்டிப்போட்டா முடிஞ்சுது."

"எடுத்துப்போட்டா உள்ள இருக்கற சரக்கு?"

"நல்லாக் கேட்டீங்க. அந்த மிஷினே கேட்டுச்சுங்க. இதுல இருக்கறதெல்லாம் போயிரும், சரியான்னு இங்கிலீசுல போட்டுச்சு. எனக்கே திக்குன்னு ஆச்சு. பக்கத்துல நின்ன மொதலாளிகிட்டப் படிச்சுக் காட்டினேன்."

"அவர் என்ன சொன்னாருங்க?"

"வரப்பை நகர்த்துனா நின்ன வெள்ளாமை எங்கீங்க போகும்? எங்கப்பன் காலத்துல இருந்து நகர்த்தறோம், ஒரு சோளக்கதிர் வாடலை, அமுக்குன்னாரு. அமுக்கிட்டேன்."

நல்லான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"பேரு என்னுங்க அவருக்கு?"

"அதைச் சொல்லப்படாதுங்க. தொழில் ரகசியம். துண்டுல சுத்திக் கொண்டாந்தாரு, துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனாரு." மயில்சாமி சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்தார். "உங்களுக்கு எப்ப வேணுமுங்க? நாளைக்கு வேண்டாம். நாளைக்குப் பத்து மணிக்கு வேற ஆள் சொல்லியிருக்காரு."

மருதாளும் காலண்டரைப் பார்த்தாள். சனிக்கிழமைக் கட்டத்துக்குள் பென்சிலில் ஒரு பெயர். தொழில் ரகசியம் காலண்டருக்குத் தெரியவில்லை.

அவள் படிகளில் இறங்கிய வேகத்தைப் பார்த்து நல்லான் பயந்துபோனான். "என்ன அக்கா பேரு?"

"வண்டியை எடு. மணி மூணேகால்."

நல்லூருக்கு வந்து சேர்ந்தபோது நாலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஈஸ்வரமூர்த்தி போலீஸுக்குப் புகார் எழுதி முடித்து, அந்தப் பெரிய தாளில் மிச்சமிருந்த வெள்ளைப் பகுதியைக் கிழித்துப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார். செல்லாத்தாள் கண்ணாடி அறைக்குள் நின்றிருந்தாள். அவள் முன்னால் மேஜையில் இன்னொரு தாள், பேனா. 'நான்தான் அழித்தேன்' என்பதற்கு ரெண்டு வரி போதும் என்பதால் சின்னத் தாளாகவே கொடுத்திருந்தார்.

"ஒத்துக்கப் போறாளுங்க" என்றார்.

"சித்த இருங்க. ஒரு கையெழுத்துக்கு முன்னால ஒரு கணக்குப் பாத்துரலாம். அம்மிணி, லேப்டாப்பை ஆன் பண்ணி, எது எது எவ்வளவுன்னு காட்டற எடத்துக்குப் போ."

"அவ தொடப்படாது!"

"தொடட்டும்டா" என்றார் ஆத்தப்பன், அந்த வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பியைப் பார்த்து. "உனக்கென்ன பயம்?"

செல்லாத்தாள் நாலே சாவிகளை அமுக்கினாள். திரையில் எண்கள் வந்தன. அவள் படித்தாள். 

"சி எரநூத்தம்பது. டி..." நிறுத்தினாள். நோட்டைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். "டி எரநூத்தம்பத்தி நாலு."

"வண்டித்தடம்?"

"இல்லீங்க்கா. டி-க்குள்ள போயிருச்சு."

ஆத்தப்பன் எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். வரப்போரம் மண்வெட்டித் தடம் தேடுகிற பார்வை.

"இவளேதான் பண்ணியிருப்பா!" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "அண்ணன் சொல்லித்தான்..."

"ஏனுங்க" என்றாள் மருதாள். "பொதுத் தடத்தை வெட்டி, பக்கத்துக்காரன் காட்டுல சேர்த்துட்டுப் போற மனுசனை நம்ம ஜில்லாவுல பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை. டி யாருக்குங்க?"

ஆத்தப்பன் தம்பியின் பக்கம் விரலை நீட்டினார். 

"மயில்சாமி உங்க பேரைச் சொல்லலைங்க. நாணயமான மனுசன். ஆனா ஒண்ணு சொன்னாரு. எல்லாம் அழிஞ்சு போகும்னு மிஷின் எழுதிக் காட்டுச்சாம். பக்கத்துல நின்னவர் புரியாம அமுக்குன்னாராம். எல்லாம் அழிஞ்சாலும் பரவாயில்லைன்னு சொன்ன அந்த முட்டாள் யாருன்னு..."

"அப்படி யாருங்க சொன்னா?" ஈஸ்வரமூர்த்தி மேஜையைத் தட்டினார். "வெள்ளாமை அப்படியே நிக்கும்னுதானே நான்..."

வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் வார்த்தை அவர் காதுக்கு எட்டியது. பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.

"எழுபத்தஞ்சு ரூவா" என்றான் நல்லான். "நாலு எம்.பி.ன்னா மூணு ஃப்ளாப்பிங்க. கடையில எழுபத்தஞ்சு ரூவா. அதுக்காக அஞ்சு வருசத்து ரேட் எல்லாத்தையும் ஒழவு ஓட்டிப்போட்டீங்களே மொதலாளி."

ஆத்தப்பன் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பாருங்க, பாருங்க! பொதுத் தடத்துல கை வெக்கறான்! சின்னப் புள்ளையில இருந்தே இப்படித்தானுங்க இவன். நானா இருந்தா..."

"நீங்களா இருந்தா சனிக்கெழமை பத்து மணி" என்றாள் மருதாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"காலண்டர்ல பென்சில்ல எழுதியிருக்குதுங்க. ஆத்தப்பன், நல்லூர்னு. உங்க தம்பி உங்களை ரெண்டு நாள்தான் முந்தியிருக்காரு." செல்லாத்தாளைப் பார்த்தாள். "அம்மிணி, இவர் தடத்தை சி-யோட சேர்க்கப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"தடம் டி-க்கு அந்தப் பக்கம்ல இருக்குதுங்க்கா. ரெண்டையும் எடுத்துப்போட்டாத்தான் ஆகும். ரெண்டு பேர்த்துதும் போயிருக்கும்."

"ஒட்டுக்காவே போயிருப்பாங்க" என்றான் நல்லான். "மூணாவது ஒத்துமை."

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாக, நமக்கு முன்னால் இவனுக்குத் தோன்றிவிட்டதே என்ற வயிற்றெரிச்சல் இருந்தது.

பீரோவுக்கு ரெண்டு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி. ஆத்தப்பன் தன் சாவியை உடனே எடுத்தார். தன் பெயர் வெளியே போவதற்குள் அந்தப் பெண் வெளியே போனால் தேவலை. ஈஸ்வரமூர்த்தி வேஷ்டி மடிப்பில் ரொம்ப நேரம் தேடினார்.

"அம்மிணி" என்றார். குரல் இப்போது பேரத்துக்கு வந்துவிட்டது. "நடந்தது நடந்துபோச்சு. பழைய பில்லு, ஃபேக்ஸ் காகிதமெல்லாம் மூட்டையாக் கெடக்குது. நீயே உக்கார்ந்து திரும்பி ஏத்திக் குடுத்துரு. சம்பளத்துல நூறு ரூவா சேர்த்துப் போடறேன்."

செல்லாத்தாள் சர்டிபிகேட்டுகளுக்காகக் கையை நீட்டினாள்.

"எங்கூட வந்துரு கண்ணு, எரநூறு" என்றார் ஆத்தப்பன்.

அவள் அவரையும் பார்த்தாள். பார்த்துவிட்டு நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்தாள். ஈஸ்வரமூர்த்தி பீரோவிலிருந்து சர்டிபிகேட் கவரை எடுத்தார். கொடுக்கவில்லை. அவருடைய முப்பது வருஷ வியாபாரத்தில் ரசீது இல்லாமல் எந்தப் பொருளும் கைமாறியதில்லை.

"பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்கிக்க. பொறவு ஒண்ணு கொறையுதுன்னு வந்து நிக்கப்படாது."

"எழுதறேனுங்க" என்றாள் செல்லாத்தாள்.

கவரைப் பிரித்து ஒவ்வொன்றாய் மேஜையில் அடுக்கி எண்ணினாள். பிறகு, அவளுக்காக வைத்திருந்த அந்தச் சின்னத் தாளையே திருப்பிப் போட்டு எழுதினாள். எழுதி முடித்ததும் ஈஸ்வரமூர்த்தி பக்கம் நகர்த்தி, "கொடுத்தவர் கையெழுத்தும் வேணுமுங்க" என்றாள். அவர் மேலே இருந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தார். சரியாக இருந்தது. கீழே படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

செல்லாத்தாள் அதை மடிக்கும் முன் மருதாள் வாங்கி வாசித்தாள்:

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் — 1
பிளஸ் டூ மார்க் ஷீட் — 1
டிப்ளமோ — 1
மாற்றுச் சான்றிதழ் — 1
நன்னடத்தைச் சான்றிதழ் — 1
ஆக, ஒரிஜினல் 5. பெற்றுக்கொண்டது 5.
திருடி என்று சொன்னது, ஆட்கள் முன்னால் — 3 தடவை.
திருடி இல்லை என்று சொன்னது — 0.
பாக்கி — 3.